டிசைன்காரர் கழுத்துக் கோடு

அந்தக் கோடு ரொம்ப நேராக இருந்தது. என் தொழிலில் நான் பார்த்த கோடுகளிலேயே நேரானது அதுதான். ஒரு மனிதரின் கழுத்தில், காதுக்குக் கீழே தொடங்கித் தோளுக்கு நாலு விரல் மேலே முடிகிற ஒரு நீள்கட்டம். ஊதா நிறம். நாலு மூலையும் அச்சில் வார்த்ததுபோல் கச்சிதம். தீபாவளி முடிந்து வந்த திங்கட்கிழமை காலையில், கோபால்ட் இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தவரின் சட்டைக் காலரை விலக்கியபோது அதைப் பார்த்தேன். 'அட, எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறார்கள்' என்றுதான் முதலில் தோன்றியது. நான் ஆரணிக்காரி. பட்டுச் சேலையில் கரை அரை நூல் கோணினாலும் பத்து பேர் கண்ணில் படுகிற ஊர். நேராக இருந்தால் சரியாக இருக்கிறது என்பதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அது கூடவே வளர்ந்த புத்தி. அந்தப் புத்தியோடுதான் அன்றைக்கு அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது நான் மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு சிகிச்சைக்கான படிப்பில் இரண்டாம் வருஷம். எழுபதுகள் முடிகிற சமயம். இன்றைக்கு அந்தப் படிப்புக்குப் பட்டம் கொடுக்கிறார்கள். எங்கள் காலத்தில் டிப்ளமோதான். ஆனால் ஊரில் யார் கேட்டாலும் அப்பா "பொண்ணு டிகிரி படிக்குது" என்றுதான் சொல்வார், நானும் திருத்தவில்லை. அப்பா கூலிக்கு நெய்பவர். தறியும் பட்டும் முதலாளியுடையவை, கையும் காலும் மட்டும் எங்களுடையவை. எனக்கு பி.யு.சி.யில் பௌதிகம் நன்றாக வந்தது. நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கப் போன இடத்தில் அந்த வரிசை நீளமாக இருந்ததால் பக்கத்து ஜன்னலில் போய் நின்றேன். அங்கே கொடுத்தது இந்த விண்ணப்பம். வாழ்க்கையின் பெரிய முடிவுகளை நான் பெரும்பாலும் இப்படித்தான் எடுத்திருக்கிறேன்.

என்ன படிக்கிறேன் என்பது எங்கள் தெருவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. முதலில் 'எக்ஸ்ரே படிப்பு' என்றார்கள். விடுமுறைக்கு வந்தால் கை உடைந்தவர், நெஞ்சுச்சளிக்காரர் எல்லாம் பழைய படங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, வெயிலில் பிடித்து, "இன்னா தெரிது பாரு" என்பார்கள். நான் படம் எடுப்பதில்லை, புற்றுநோய்க்குச் சிகிச்சை கொடுக்கிற பிரிவில் இருக்கிறேன் என்று விளக்கியதும் அது 'கரண்டு வைக்கிற படிப்பு' ஆகிவிட்டது. உண்மையில் அந்தச் சிகிச்சையில் கரண்டு உடம்பைத் தொடுவதே இல்லை. தடித்த சுவர் வைத்த ஓர் அறை, அதில் ஈயக் கவசம் போட்ட இயந்திரத் தலை, அதற்குள் ஒரு கட்டைவிரல் அளவுக்குக் கோபால்ட். அது இரவும் பகலும் தன்பாட்டுக்குக் கதிரை விட்டுக்கொண்டிருக்கும். கணக்குப் போட்ட நேரத்துக்கு அதன் வாயைத் திறந்து மூடுவதுதான் நாங்கள் செய்வது.

எங்கே கதிர் பட வேண்டும் என்று முடிவு செய்து, டாக்டர் நோயாளியின் தோலில் ஊதா மருந்தால் ஒரு கட்டம் போடுவார். எத்தனை நிமிஷம், இயந்திரத் தலையை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்பதெல்லாம் கார்டில் எழுதியிருக்கும். தினமும் நோயாளியை அதே மாதிரி படுக்கவைத்து, இயந்திரத்திலிருந்து விழுகிற வெளிச்சக் கட்டத்தைத் தோலில் உள்ள கட்டத்தோடு பொருத்துவது எங்கள் வேலை. பொருந்தியதும் வெளியே வந்து, கனத்த கதவைச் சாத்தி, ஈயக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்துவோம். பகலுக்குள் நாற்பது பேரைப் படுக்கவைத்து எழுப்ப வேண்டும். அவ்வளவு பேருக்கு நடுவில் கார்டை யார் முழுக்கப் படிப்பார்கள்? தோலில் உள்ள கோட்டைப் பார், வெளிச்சத்தைப் பொருத்து, கையெழுத்துப் போடு, அடுத்தவரைக் கூப்பிடு என்பதுதான் நடைமுறை. கோடுதான் எங்களுக்குச் சட்டம்.

டிசைன்காரர் எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. சேலைக் கரைக்கும் முந்தானைக்கும் வேண்டிய மாங்காய், அன்னம், யாளி எல்லாவற்றையும் கட்டம் போட்ட கிராப் காகிதத்தில் வரைந்து கொடுப்பவர். அவர் வரைந்ததை வைத்துத்தான் அட்டையில் ஓட்டை போட்டுத் தறிக்கு மேலே ஏற்றுவார்கள். அவர் பென்சிலால் கோடு இழுத்துக் கொடுக்க, அவர் மனைவி மெல்லிய பிரஷ்ஷால் கட்டம் கட்டமாகச் சிவப்பு மை நிரப்புவார். ஒரு கட்டம் தப்பினால் சேலை முழுக்கத் தப்பும் என்பதால் இரண்டு பேரும் வேலை நேரத்தில் பேசிக்கொள்ள மாட்டார்கள். நான் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிடுவேன். உறவு கிடையாது, தெருப் பழக்கம்தான்.

அவரிடம் ஒரு வியாதி இருந்தது, ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்ததற்கு முன்பே. எதைக் கண்டாலும் நேராக்குவார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைச் சரி செய்துவிட்டுத்தான் உட்காருவார். சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். எங்கள் வீட்டுச் சாமி படங்கள் அவர் வந்து போன பிறகுதான் ஒரே மட்டத்தில் நின்றன. அம்மா அதற்கு அவரைத் திட்டியிருக்கிறாள். சந்தவாசல் பக்கம் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டாரோடு துணைக்குப் போனவர், பெண்ணைப் பார்க்காமல் வாசல் கோலத்தில் ஒரு புள்ளி தள்ளியிருப்பதைச் சொல்லிவிட்டு வந்தார் என்று தெருவில் ரொம்ப நாள் சிரித்தார்கள்.

அவருக்குக் குரல் கம்மியது. முதலில் பனி என்றார், பிறகு வெற்றிலைச் சுண்ணாம்பு என்றார். சோறு இறங்கவில்லை என்றபோதுதான் அத்தை என் அம்மாவிடம் சொல்லி, அம்மா எனக்குக் கடிதம் எழுதவைத்தாள். செய்யாறு, காஞ்சிபுரம் வழியாக வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். தொண்டையில் கட்டி. ஆறு வாரம் கதிர்ச் சிகிச்சை, சனி ஞாயிறு தவிர தினமும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த சத்திரத்தில் தங்கினார்கள். வந்த அன்றே எங்கள் பிரிவு வாசலில் கோணலாகத் தொங்கிய அறிவிப்புப் பலகையை அவர் நிமிர்த்திவிட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வா கரண்டுக்காரி, இன்னிக்கு எவ்ளோ யூனிட்டு?" என்று கிசுகிசுப்பான குரலில் கேட்பார். எனக்குச் சக மாணவிகள் முன்னால் வெட்கமாக இருக்கும். சந்தோஷமாகவும் இருக்கும்.

நாலு வாரம் ஒழுங்காகப் போயிற்று. தொண்டைக்கு நேர் பின்னால், கழுத்தெலும்புக்குள் தண்டுவடம் ஓடுகிறது. கை கால் அசைவதற்கான நரம்பெல்லாம் அதில்தான். கட்டியைக் கரைக்கும் அளவுக்கு அது கதிர் தாங்காது. ஓர் அளவு ஆனதும் அதை ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கட்டி கரைந்தாலும் மனிதர் எழுந்து நடக்க மாட்டார். அதனால் நாலு வாரம் முடிந்ததும் டாக்டரம்மா பழைய கட்டத்தை அழித்துவிட்டுச் சின்னதாக வேறு கட்டம் போட்டார். கழுத்தெலும்பு செங்குத்தாக நிற்பதில்லை, சாய்ந்து இறங்குகிறது. அந்தச் சாய்வுக்குத் தகுந்தபடி கட்டத்தையும் சாய்த்துப் போட்டால் தண்டுவடம் வெளியே நின்றுகொள்ளும். கார்டில் 'பத்து டிகிரி' என்று எழுதினார்.

டிசைன்காரர் அறைக்கு வெளியே இருந்த கைகழுவும் கண்ணாடியில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா இது, கோணலா இழுத்து வெச்சிகீறாங்க உங்க டாக்டரம்மா. கை நடுங்குமா அவங்களுக்கு?"

நான் சிரித்தேன். காரணத்தைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அடுத்த நோயாளி சக்கர நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் அப்படித்தான் மாமா. அழியாம பாத்துக்குங்க. அழிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து அளக்கணும், ரெண்டு நாள் வீணாப் போயிடும்" என்று, நாங்கள் எல்லா நோயாளியிடமும் சொல்லும் பாடத்தை ஒப்பித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த வாரம் தீபாவளி. விடுமுறைக்கு அவரும் அத்தையும் ஆரணிக்குப் போனார்கள். எனக்குப் பரீட்சை நெருங்கியதால் போகவில்லை.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். அன்று இயந்திரத்தில் என்னோடு இருந்தவர் சீனியர் டெக்னீஷியன். கை வேகமானவர், நாக்கு அதைவிட வேகம். அதற்கு முந்தைய மாதம் நான் ஒரு நோயாளிக்குச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தி, ஏதோ தவறு என்று டாக்டரம்மாவையே ஓடிப் போய் அழைத்து வந்திருந்தேன். தவறு ஒன்றும் இல்லை, நான்தான் கார்டைத் தலைகீழாகப் படித்திருந்தேன். அன்றிலிருந்து சீனியர் எனக்கு 'ஸ்டாப்பு' என்று பெயர் வைத்துவிட்டார். "என்ன ஸ்டாப்பு, இன்னைக்கு யாரை நிறுத்தப் போறே?" என்பது தினமும் காலை வணக்கம். மாணவர்களைப் பற்றி அவர் எழுதுகிற அறிக்கையில்தான் எங்கள் செய்முறை மார்க் இருந்தது.

கார்டில் இருந்தபடி இயந்திரத் தலையைப் பத்து டிகிரி திருப்பினேன். வெளிச்சக் கட்டம் சாய்வாக விழுந்தது. தோலில் இருந்த கட்டமோ நேராக இருந்தது. இரண்டும் ஒட்டவில்லை. நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். இதை எழுதும்போதுகூட, கவனிக்கவில்லை என்று எழுதிவிடலாமா என்று ஒரு கணம் கை தயங்குகிறது. கவனித்தேன். லீவுக்கு முன்னால் டாக்டரம்மாவே மாற்றிப் போட்டிருப்பார், கார்டில் எழுத மறந்திருப்பார் என்று எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டேன். கதவருகில் சீனியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் இன்னொரு பெயர் வைப்பார். இயந்திரத் தலையைத் திருப்பிப் பூஜ்யத்தில் நிறுத்தினேன். வெளிச்சம் அந்த ஊதாக் கட்டத்தின்மேல் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அப்படி உட்கார்ந்ததைப் பார்த்து மனசுக்கு நிறைவாகவே இருந்தது. வெளியே வந்து பொத்தானை அழுத்தினேன். வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே.

புதன்கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், தீபாவளிக்கு எடுத்தது. படுக்கவைத்துக் காலரை விலக்கியபோது காலர் வெள்ளையாகவே இருந்தது. எங்கள் நோயாளிகள் யாருக்கும் காலர் வெள்ளையாக இருக்காது. ஊதா மருந்து வேர்வையில் கசிந்து சட்டை, தலையணை உறை எல்லாவற்றிலும் ஒட்டும், துணி வெளுப்பவர் எங்கள் பிரிவைச் சபிக்காத நாள் இல்லை. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் கோட்டின் ஓரத்தைத் துடைத்தேன். பஞ்சில் ஒன்றும் வரவில்லை. அழுத்தித் துடைத்தேன். அப்போதும் இல்லை. 

"மாமா, இந்தக் கோடு யார் போட்டது?"

அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. கிராப் காகிதத்தை முதலாளியிடம் நீட்டும்போது வருகிற அதே பெருமை. "எப்டி கீது? மூணு நாளா நீயே கண்டுபுடிக்கலயே."

"சொல்லுங்க மாமா."

"தீவாளி அன்னிக்கு எண்ண வெச்சி தலைக்கு ஊத்திட்டா உங்க அத்த. ஊத்தலன்னா தெருவுல சீக்காளி ஊடும்பாங்களாம். சீக்கா போட்டு தேச்சதுல பாதி பூட்ச்சி. நீதான சொன்ன, அழிஞ்சா ரெண்டு நாளு வீணாப்பூடும்னு. உங்களுக்கு இன்னாத்துக்கு பேஜாருன்னு பட்டுச் சாயக்காரர்கிட்ட குந்திகினு இதே கலரை கலக்கி வாங்கினேன். மூணாந்தபா கலக்கனப்பதான் சரியா வந்தது. இனிமே தண்ணி பட்டாலும் போவாது."

"அது சாய்வா இருந்ததே மாமா."

"கை கோணிப் போட்டு இருந்தாங்க. நேராக்கிட்டோம். நான் ஸ்கேலு புடிச்சிகினேன், அத்த பிரஷ்ஷால இழுத்தா."

கண்ணாடிக்கு வெளியே சீனியர் 'என்ன?' என்று கையசைத்தார். நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, இயந்திரத் தலையை மாமாவின் கழுத்திலிருந்து அப்பால் நகர்த்தினேன். "எழுந்து உக்காருங்க மாமா. இன்னிக்கு இல்ல" என்றேன்.

டாக்டரம்மா அறையில் பதினைந்து நிமிஷம் நின்றேன். இரண்டு நாளில் தண்டுவடத்துக்கு எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். தாங்கும் அளவின் விளிம்பில் நின்றது. தாண்டியது என்றும் சொல்ல முடியவில்லை, தாண்டவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. சீனியர், "ஸ்டூடண்ட்தான் செட் பண்ணாங்க" என்றார். அது உண்மை.

"உனக்கு இது இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கோடு மாறினது திங்கட்கிழமையே தெரிஞ்சுது, மேடம். யார் மாத்தினாங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"அன்னைக்கே ஏன் நிறுத்தலை?"

"சிரிப்பாங்கன்னு."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கார்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். தண்டுவடம் பாதித்திருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தெரியலாம். தலையைக் குனியும்போது முதுகில் சுரீரென்று கீழே இறங்கும். பல பேருக்கு அது தானாகவே நின்றுவிடும். சில பேருக்கு அது ஆரம்பம், வருஷம் திரும்புவதற்குள் கால் இழுக்கத் தொடங்கும். "நீ அவங்க ஊர்தானே? மாசாமாசம் நேர்ல பார்த்துக் கேளு. கேட்டதை இதுல எழுது" என்று கார்டை என்னிடம் நீட்டினார்.

மாமாவுக்கு நானே சொன்னேன். எலும்புக்கூட்டின் கழுத்தை வகுப்பிலிருந்து எடுத்து வந்து, அது எப்படிச் சாய்கிறது என்று காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி, ஸ்கேலை வைத்துப் பார்த்தார்.

"அப்போ அந்த அம்மா சரியாத்தான் போட்டு இருக்காங்க."

"ஆமாம் மாமா."

"இத அன்னிக்கே சொல்லி இருந்தா அதே கோட்டு மேலயே போட்டு இருப்பேனே கண்ணு."

அவர் திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னைக் கரண்டுக்காரி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அது எனக்கு வலித்தது.

சாயம் போகவே இல்லை. மிச்ச நாட்களில் அவர் கழுத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன, ஊதாவில் நேராக ஒன்று, சிவப்பில் சாய்வாக ஒன்று. சிவப்பைப் பார் என்று கார்டில் பெரிதாக எழுதியிருந்தது. ஒவ்வொரு நாளும் நான்தான் பொருத்துவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சீனியர் மறுபேச்சுப் பேசவில்லை. ஸ்டாப்பு என்று கூப்பிடுவதும் அந்த வாரத்தோடு நின்றது.

சிகிச்சை முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று, சத்திரத்துக் குழாயடியில் அத்தை பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிரஷ்ஷைப் பிடித்தது அவர் கை என்பதால் அவருக்கும் தூக்கம் இல்லாமல்தான் இருந்தது. அந்த நேரத்தில் நான் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். என் பாரத்தைத்தான் அவர்மேல் இறக்கினேன். "மாமாவுக்கு மட்டும் ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இந்தப் படிப்பே எனக்கு வேணாம் அத்த. ஊருக்கு வந்து தறிக்குத் தார் சுத்திகினு கெடக்கறேன்" என்றேன். சும்மா சொல்லவில்லை. அன்றைக்கு அது முடிவு செய்த பேச்சு. அத்தை ஈரக் கையால் என் தலையைத் தொட்டு, "வாயை மூடு" என்றார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை ஆரணிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்பு அவர் வீடு. போனதும் முதலில் வாசலில் கிடக்கும் அவர் செருப்பைப் பார்ப்பேன். கால் இழுத்தால் செருப்பின் முன்பக்கம் தேயும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். பிறகு உள்ளே போய் அவர் எதிரில் உட்கார்ந்து கேட்பேன்.

"மாமா, தலையைக் குனிஞ்சா முதுகுல சுரீர்னு எதுனா எறங்குதா?"

"இல்லியேமா."

"கால்ல மதமதப்பு?"

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. நீ ஜல்தியா ஊட்டுக்குப் போ, உங்கம்மா சோறு ஆக்கி வெச்சிகினு காத்துகினு இருக்கும்."

நாள் முழுக்கத் தலை குனிந்து கிராப் காகிதத்தில் கோடு போடுகிற மனிதர். அவரே இல்லை என்றால் இல்லைதானே. அத்தை சமையல்கட்டிலிருந்து வெளியே வரமாட்டார். வேலையாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். கார்டில் தேதியைப் போட்டு, 'குனிந்தால் அதிர்வு: இல்லை' என்று எழுதுவேன். பத்து மாதம் எழுதினேன். ஒவ்வொரு 'இல்லை'க்கும் அந்த மாதம் முழுக்க நிம்மதியாகப் படித்தேன். பரீட்சையில் தேறினேன். டாக்டரம்மா கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உன் அதிர்ஷ்டம். அவரோட அதிர்ஷ்டமும்தான்" என்று சொல்லி, அதே பிரிவில் எனக்கு வேலையும் போட்டுக் கொடுத்தார். நான் ஊருக்குப் போய்ச் சொன்னபோது டிசைன்காரர் நெடுநாளைக்குப் பிறகு, "அப்போ நெசமாவே கரண்டுக்காரி ஆயிட்டே" என்றார். அன்று இரவு சாப்பாடு எனக்கு எப்படி ருசித்தது என்று இன்னும் நினைவிருக்கிறது.

கட்டி திரும்ப வரவில்லை. குரல் மட்டும் கரகரப்பாகவே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எட்டு வருஷம் டிசைன் போட்டார். பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்து டீ குடித்துவிட்டு நடந்தே போவார், வழியில் டீக்கடைக் காலண்டரை நிமிர்த்தியபடி. எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். தொண்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, கழுத்துக்கும் சம்பந்தம் இல்லை. செய்தி வந்ததும் என் முதல் நினைப்பு அதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாவுக்கு லீவு கிடைக்கவில்லை, காரியத்துக்குத்தான் போனேன். பந்தி முடிந்து பெண்கள் பின்கட்டில் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் எழுந்து போன பிறகு, அத்தை அவரைப் பற்றி ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தார். குரல் போனது, தீபாவளி, சத்திரம் என்று வரிசையாக வந்து நடுவில் ஒரு வாக்கியம் சொன்னார்.

"அந்த வருசம்தான் பாவம், குனியறப்பல்லாம் முதுகுல கரண்டு ஓடிகினே இருந்தது அவருக்கு."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "எந்த வருசம் அத்த?"

"அதான், வைத்தியம் முடிஞ்சி வந்தமே. பொங்கல் கழிச்சி ஆரம்பிச்சது. கோடு போடக் குனிஞ்சா கால் வரைக்கும் ஓடும், பென்சில கீழ போட்டுடுவாரு. நீங்க உள்ள வெச்ச கரண்டு வெளிய போவுதுன்னு நெனச்சிகினு இருந்தோம். அப்புறம் நீ வந்து அதையே கேட்ட பாரு, அப்பதான் இது வேறன்னு புரிஞ்சது."

"பின்ன ஏன் இல்லன்னாரு?"

"நீ குழாயடியில சொன்னத நான் அவருகிட்ட சொல்லிட்டேன். 'சொன்னா அந்தப் பொண்ணு படிப்ப உட்டுட்டு வந்துடும், நீ வாயத் தொறக்காத'ன்னுட்டாரு. எனக்கு உன் மூஞ்சியப் பாத்து பொய் சொல்ல வராது. அதான் நீ வந்தா உள்ளயே இருப்பேன். ஐப்பசி வரைக்கும் இருந்தது. அப்பறம் தானா நின்னுபோச்சி."

தையிலிருந்து ஐப்பசி. விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது மாதம் அந்த மனிதர் தன் கால் போய்விடுமோ என்ற பயத்தை என் எதிரில் உட்கார்ந்து விழுங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு என்று என்னை அனுப்பியிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மருத்துவக் கார்டில் என் கையெழுத்தில் ஒன்பது பொய் இருக்கிறது. அது நின்றுபோகிற வகையாக இருந்ததால் தப்பித்தார், மற்ற வகையாக இருந்திருந்தால்? இதைக் கேட்டுச் சண்டை போட ஆள் இல்லை. அத்தையிடம் கத்தவும் மனசு வரவில்லை. "என்கிட்ட சொல்லி இருக்கணும் அத்த" என்று மட்டும் சொன்னேன். "சொல்லி இருந்தா நீ இன்னா பண்ணி இருப்பே?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். அதற்கு மருந்து கிடையாது, பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது என்று எனக்குத் தெரியும். நான் படிப்பை விட்டிருப்பேன், அது ஒன்றுதான் நடந்திருக்கும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது காஞ்சிபுரம் தாண்டித்தான் அழுதேன்.

இப்போதெல்லாம் கழுத்தில் யாரும் கோடு போடுவதில்லை. முகத்துக்கு வலை போல ஒரு மூடி செய்து அதன்மேல் குறி வைக்கிறார்கள், கோணத்தைக் கணினி பார்த்துக்கொள்கிறது, பொருந்தாவிட்டால் இயந்திரமே ஓட மறுக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்குள் கோபால்ட்டும் போய்விட்டது. ஒரு வேலையை மட்டும் இயந்திரம் வாங்கிக்கொள்ளவில்லை. சிகிச்சை முடிந்து மாதாமாதம் வருகிறவர்களிடம் கேள்வி கேட்பது. தலையைக் குனிந்தால் ஏதாவது ஓடுகிறதா, கால் மரத்துப்போகிறதா என்று எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே "ஒண்ணும் இல்லம்மா" என்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, பேனாவைத் திறக்காமல், கூட வந்தவரை மட்டும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவேன்.

"இப்ப நீங்க சொல்லுங்க" என்பேன்.